ஐம்பது கஜம்

கட்டலூச்சிப் பள்ளத்தாக்கில் ஆறரை மணி.
புல்லை விட்டு எழ மனமில்லாத மூட்டம்.
சரளைப் பாதையோரம் பதினோரு கார்கள்,
இன்ஜின்கள் சொடக்கிட்டு ஆறுகின்றன.

எங்கிருந்தோ ஒரு சீழ்க்கை.
அவ்வளவு பெரிய உடம்புக்கு
இவ்வளவு மெல்லிய குரலா?

ஆரஞ்சுச் சட்டைக்காரி டெல்ஃபா டெட்மன்
கையை அகல விரிக்கிறாள்:
"ஐம்பது கஜம். அதுக்கு மேல ஓரடி கூடாது.
இது அதோட வீடு."

எல்க் மான் ஓடையைத் தாண்டி வருகிறது,
கொம்பில் ஈரப் புல் தொங்க.
அவள் அப்பன் காலத்தில் இங்கே ஒன்றுகூட இல்லை;
எல்லாம் பிறகு லாரியில் வந்து இறங்கியவை.

"அந்த வெள்ளை வீடு யாரோடது?"
கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையன்.
"பூங்காவோடது."
"அதுக்கு முன்னாடி?"

தெர்மாஸ் மூடியைத் திருகுகிறாள்,
இறுகிய பிறகும் திருகிக்கொண்டே இருக்கிறாள்.
"எங்கம்மா அதுலதான் பிறந்தா.
சர்க்கார் காசு கொடுத்தது.
மலைக்குக் கீழே போய் ஒரு பசு வாங்கினாங்க.
அது பாலே கறக்கல."

யாரோ சிரித்தார்கள். அவளும்.

மூட்டம் கிழிந்து கூரைத் தகரம் தெரிந்தது.
மான் நேரே நடந்து போய்
வாசல்படியில் முன்னங்காலை வைத்தது.

ஐம்பது கஜத்துக்கு இப்பால்
டெல்ஃபா முணுமுணுத்தாள், எங்களிடம் அல்ல:
"மூணாவது படி. பார்த்து."