இறுக்காத போல்ட்டுகள்

தடைக்காலம் தொடங்கி நாலாம் நாள்
செயின் பிளாக்கில் தொங்கியது இன்ஜின்.
ஆறு சிலிண்டரும் அந்தரத்தில்.
டயர்கள் மேல் இறக்கி
யாருடையதோ கல்யாண ஃபிளெக்ஸால் மூடினோம்.
மாப்பிள்ளை முகம் சரியாக ஹெட்டின் மேல்.
மத்தியானக் காற்றில் அவர் கன்னம்
உப்பி உப்பி அடங்கியது.

பிறகுதான் உள்ளே பார்த்தேன்.
இன்ஜின் இல்லாத குழி
பல் பிடுங்கிய இடம்.
நாக்கு சும்மா இருக்காது,
அங்கேயே போகும்.

அணியம் முதல் சுக்கான் வரை
இரண்டு நீளச்சட்டம்.
சுத்தியலால் தட்டிக்கொண்டே ஊர்ந்தேன்.
டங். டங். டங்.
இன்ஜின் உட்கார்ந்த இடத்தில்
பொத்.

பைபரை அறுத்ததும்
நனைந்த காப்பித்தூளாகக் கையில் வந்தது வாகை.
அதற்கும் உள்ளே, போல்ட் துளையில்,
சிமெண்டு.
அதன் மேல் பச்சைப் பெயிண்டு.

போன ஐப்பசியில்
ஒன்பது லட்சத்துக்கு எனக்கு இதை விற்றவர்
கஸ்பார் அண்ணன்.
கோயில்வாடியில் மூன்று படகு தள்ளி
இப்போது அவர் வாங்கிய புதுப் படகு.
போய்ச் சத்தம் போடவில்லை.
சிமெண்டுக் கட்டியை
எல்லாரும் ஏறி இறங்கும் பலகையின் நுனியில்
வைத்துவிட்டு வேலையைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் வந்தார்.
கட்டியைப் பார்த்தார்.
"என்ன மரம் போடுறீக?"
"வேம்பு."
"வேம்பு நல்லதுதான்"
என்றவர் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.
பதினோரு வருடம் இதை ஓட்டியவர்.
வடகடலில் ராத்திரி ராத்திரியாய்
அந்தச் சிமெண்டுக்கு மேல்தான்
தலைசாய்த்திருப்பார், நாலு ஆளோடு.
கோபம் வரவேண்டிய இடத்தில்
எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

வேம்பைச் செதுக்கிப் பொருத்த பதினேழு நாள்.
ரெசின் வாடை சோற்றில், தலையணையில்.
கண்ணாடி நார் முழங்கையில் ஏறி
சொறிந்து சொறிந்து தூங்கவில்லை.
"வெளியில போய்ப் படுங்க" என்றாள் ஜெனோவா.
காலையில் ஹார்டனர் இரண்டு மூடி,
உச்சி வெயிலில் ஒன்று.
எண்ணிக்கை தவறிய ஒரு கிண்ணம்
கையிலேயே புகைந்து கல்லானது.
அதில் இப்போது ஆணி போட்டு வைத்திருக்கிறேன்.

இன்ஜின் திரும்ப உட்கார்ந்த அன்று
பெரியபட்டினத்திலிருந்து சீனி செய்யது வந்தான்.
என்னைவிடப் பத்து வயது சின்னவன்.
கப்ளிங் இடுக்கில் பீலர் தகட்டை நுழைத்து
சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.
மேலே நாலு, கீழேயும் நாலு.
நான் ஸ்பேனரை எடுத்தேன்.
"கரையில பாத்தது கணக்கில்ல.
தண்ணியில ஒரு ராத்திரி கெடக்கட்டும்.
வயிறு தொங்கும். அப்பறம் இறுக்கலாம்."

இறக்கிய ராத்திரிதான்
தடை முடிகிற ராத்திரி.

நடுச்சாமத்தில் ஜெட்டியே உறுமியது.
ஐஸ் பெட்டிகள், டோக்கன், டீசல் புகை,
ஒவ்வொன்றாய் விளக்கைப் போட்டுக்கொண்டு விலகின.
"என்ன மச்சான், நங்கூரம் வேர் விட்டுருச்சா?"
சிரிப்பு தண்ணீரில் தூரம் வரை போனது.
ஒவ்வொரு படகின் அலைக்கும்
எங்கள் படகு கயிற்றை இழுத்து முனகியது.

நான் குழிக்குள், டார்ச்சோடு.
பதினோரு மணிக்கு நாலாம் தகடு கீழே இறுகியது.
இரண்டு மணிக்கு ஏழாம் தகடு தாராளமாய்ப் போனது.
எங்கோ வேம்பு ஒரு தரம் முறிந்தது போல் சத்தம்.
முறியவில்லை. உட்கார்ந்தது.
சட்டத்தில் கன்னத்தை வைத்துக் கேட்டேன்.

கடைசியாக ஒரு படகு வந்தது.
பக்கத்தில் வரும்போது
ஆக்சிலேட்டரைக் குறைத்தார்கள்.
கிட்டத்தட்ட நடந்துதான் போனது.
எங்கள் படகு அசையவில்லை.
கைலேஞ்சியால் வியர்வையைத் துடைத்துவிட்டு
எட்டிப் பார்த்தேன்.
பின்புறத்தில் புதுப் பெயிண்டு,
அதே பச்சை.

விடிந்துவிட்டது.
ஏழு ஏழாகவே நிற்கிறது.
ஸ்பேனர் மடியில்.
செய்யது டீ குடித்துவிட்டு வரட்டும்.