கையுறை அளவு

அண்ணனை நான் நான்கு முறை பார்த்திருக்கிறேன்.
அதில் ஒன்று என் தவழும் வயதில்,
கணக்கில் சேராது.
ஆனாலும் அவனுடைய படிவத்தை நான்தான் நிரப்புகிறேன்.
ரோஸ்காமனில் எங்கள் வீட்டில்
ஆங்கிலம் என் வேலை,
செவ்வாய் இரவு குப்பைத் தொட்டியைத்
தெருவுக்கு உருட்டிப்போவதைப் போல.

அம்மாவுக்கும் எனக்கும் கடவுச்சீட்டு ஒயின் சிவப்பு.
அம்மா தன்னுடையதை அரிசி டப்பாவுக்குப் பின்னால்
ஒளித்து வைத்திருக்கிறாள்,
யாரோ திரும்பக் கேட்டு வரப்போவதைப் போல.
கிளெய்ட்சனுடையது நீலம். வயது இருபத்து நான்கு.
பிள்ளை என்பவன்
பதினெட்டோடு முடிந்துவிடுகிறான் இந்தத் தாள்களில்.
தாய் எந்த வயதில் முடிகிறாள் என்று
அடிக்குறிப்பிலும் தேடினேன்.

பதினேழில் வந்திருக்கலாம்.
அப்போது அம்மாதான் வேண்டாம் என்றாள்:
லிஃப்ட் படிப்பை முடிக்கட்டும்,
கையில் தொழில் இருந்தால் கத்தி பிடிக்க வேண்டாம்.
முடித்தான்.
அனாபொலிஸில் பதினாறாம் மாடிக்கும் பதினைந்துக்கும் நடுவே
மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களை
பெயர் கேட்டு, பேச்சுக் கொடுத்து, வெளியே எடுக்கிறான்.
எனக்குத் தெரிந்து ரோஸ்காமனில் மூன்று லிஃப்ட்.
ஆஸ்பத்திரியில், ஹோட்டலில்.
மூன்றாவதில் நான் மட்டும்தான் ஏறுகிறேன்,
சும்மா.

டப்ளினில் இரண்டு கம்பெனிக்கு எழுதினேன்.
ஒன்று இந்த நாட்டுச் சான்றிதழ் கேட்டது.
மற்றது மார்ச்சிலிருந்து யோசிக்கிறது.
மொழிப்பள்ளி மாணவனாக வரலாம்,
கட்டணம் முழுவதும் முதலிலேயே.
அந்தப் பணம் இருந்தால்
அம்மா ஏன் விடியுமுன் ரப்பர் பூட்ஸ் மாட்டுகிறாள்?
சுற்றுலாவாக வரலாம்,
மழையைப் பார்த்துவிட்டுப் போகலாம்.

போன வியாழன் ஃபின்டன் வந்தார்,
இறைச்சி ஆலையின் மேற்பார்வையாளர்.
கெட்டவர் இல்லை.
அம்மாவின் கட்டைவிரல் பிளந்த அன்று
தன் காரின் இருக்கை நனைய நனைய ஓட்டிப்போனவர்.
காலணியை வாசலில் கழற்றிவிட்டு உட்கார்ந்து சொன்னார்:
பையனுக்கு நாங்களே அனுமதி வாங்குகிறோம், இவானில்ஜி.
எலும்பு நீக்கும் வரிசையில் இடமிருக்கிறது.
முதலில் நாலு வாரம் விளம்பரம் போட வேண்டும்,
இந்த ஊர்க்காரர் யாராவது கேட்கிறார்களா என்று.
யாரும் கேட்கமாட்டார்கள்.
சிரித்தார். காபி நன்றாயிருக்கிறது என்றார்.

அம்மா போர்ச்சுகீஸில் சொன்னாள்:
என் பிணத்தை அந்த வரிசையில் தொங்கவிடு,
அவனை நிறுத்தாதே.
‘யோசித்துச் சொல்கிறோம்’ என்று
மொழிபெயர்த்தேன்.

இரவில் அவளே அவனைக் கூப்பிட்டாள்.
குளிரைச் சொன்னாள்.
பதினெட்டு வருடமாக மடங்காத இரண்டு விரலைத்
திரைக்கு முன் பிடித்துக் காட்டினாள்.
அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.
பின்னால் யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்தார்கள்.
‘லிஃப்டிலும் விரல் போகும், அம்மா’ என்றான்.
பிறகு, ‘இன்னும் எத்தனை நாள் போனிலேயே.’
அது கேள்வியாக இல்லை.

ஆலை அனுப்பிய தாளில் ஒன்பதாவது கட்டம்:
இடது கைக்கு இரும்பு வலைக் கையுறை. அளவு?
அம்மாவிடம் கேட்டேன்.
காற்றில் விரலால் அளந்தாள்.
ஆறு வயதுக் கை.
விமான நிலையத்தில் பிரித்து விட்டாளே,
அந்தக் கை.
தானே பார்த்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்தாள்.

அவனிடம் கேட்டோம்.
அவனுக்கும் தெரியவில்லை.
உள்ளங்கையைக் கேமராவோடு ஒட்டினான்,
திரை முழுவதும் கருஞ்சிவப்பானது.
அம்மா மேலே தன் கையை வைத்தாள்.
அளவு ஒன்றும் கிடைக்கவில்லை,
இணைப்பு மட்டும் துண்டித்துப்போனது.

‘பெரியது’ என்று எழுதினேன்.