எஞ்சிய மதிப்பு

தாப்பா பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே
என் நகல் கடை. பக்கத்துக்குப் பத்துக் காசு.
சுருள் கம்பி போட்டால் இரண்டு வெள்ளி.
வியாழன் மாலை சார்ஜன் ரோஸ்லி வந்தார்.
சிறைச்சாலை மெஷின் மூன்று வாரமாய்ப் படுத்துவிட்டதாம்.
பழுப்பு உறையில் மூன்று கைதிகளின் பாட ஒப்படைப்பு,
நாளைக்குள் பல்கலைக்கழகம் போய்ச் சேரவேண்டுமாம்.

இரண்டைப் பார்க்காமலே கண்ணாடியில் கவிழ்த்தேன்.
மூன்றாவதில் பெயர்:
லோகேந்திரன் த/பெ வடமலை.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
பச்சை வெளிச்சம் என் மணிக்கட்டில் ஏறி இறங்கியது.

சம்பள நாள். ஆறாம் டிவிஷன் முச்சந்தி. பாராங்.
எடுத்தது ஆயிரத்து முந்நூற்று நாற்பது வெள்ளி.
விட்டுப்போனது
என் தம்பி குணாளனின் வலக்கையில்
மடங்காத மூன்று விரல்.
ஈப்போ ஆஸ்பத்திரியில் பதினோரு வாரம்
பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கினேன்.
அந்தப் பதினோரு வாரத்தில்தான்
தஞ்சோங் மாலிம் கல்லூரியில் என் பெயரை அடித்தார்கள்.
கணக்கியல் டிப்ளோமா, இரண்டாம் செமஸ்டர்.
கட்டிய பணம் திரும்பாது என்று கடிதம் வந்தது.
நல்ல தாள். எண்பது கிராம்.

இப்போது இவன் மூன்றாம் செமஸ்டர்.

கட்டணம் எவ்வளவு என்றேன்.
இல்லை என்றார் ரோஸ்லி,
தானே இலவசமாய் வாங்கிவிட்டதுபோல் குனிந்துகொண்டு.
தன் மகன் கடன் வாங்கித்தான் படிக்கிறான் என்றார்,
நான் கேட்காமலே.
கொஞ்சம் பொறுத்து,
"வெளியே போய் இன்னொருத்தனை வெட்டாமல் இருந்தால்
அது மலிவுதானே" என்றார்.
யாருக்கு மலிவு என்று நான் கேட்கவில்லை.

எழுத்து மலாயில், பொடியாய், தாளின் ஓரம்வரை.
தாளை எண்ணித்தான் கொடுப்பார்களாம்.
கோடுகள் அவ்வளவு நேர்.
அடிக்கோல் கிடையாது,
சோப்பு டப்பாவின் விளிம்பு என்றார் ரோஸ்லி.

நான்காம் கேள்வி ஒரு லோரி.
விலை ஒரு லட்சத்து இருபதாயிரம்.
பத்து ஆண்டு ஓடும்.
ஓடி ஓய்ந்தபின் இருபதாயிரத்துக்கு விலைபோகும்.
ஆண்டுத் தேய்மானம் என்ன?

பன்னிரண்டாயிரம் என்று எழுதியிருந்தான்.
தப்பு.
முழு விலையையும் அப்படியே பத்தால் வகுத்திருக்கிறான்.
எஞ்சிய மதிப்பை முதலில் கழிக்கவேண்டும்.
கடைசியில் ஒன்றும் மிஞ்சாது என்றே
கணக்குப் போட்டிருக்கிறான், மடையன்.
இரண்டாம் செமஸ்டர் பாடம் அது.
ஒன்பது வருடமாய் யாரும் கேட்காத ஒன்று
எனக்குத் தெரிந்திருந்தது.

ரோஸ்லி ஐந்தடியில் யாருடனோ போனில்.
பென்சிலை எடுத்தேன்.
'கழிக்கவில்லை.' ஒரே சொல் போதும்.
எழுதினால் அவனுக்கு மூன்று மார்க்.
எழுதாவிட்டால்
குணாளனுக்கு ஒரு விரலாவது மடங்குமா?

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டேன்.
அவன் தப்பு அவனுடையதாகவே போகட்டும்.
எவரோ சிவப்பில் சுழிக்கட்டும்,
ராத்திரி விளக்கடியில் அவன் தேடட்டும்.
ஆனால் பதினேழாம் பக்கம் மங்கலாய் விழுந்திருந்தது.
கருமை கூட்டி மறுபடி எடுத்தேன்.
அதற்குக் காசு வாங்கவில்லை.
வாங்கவில்லை என்று சொல்லவும் இல்லை.

அடுத்த செமஸ்டர் பாடக்குறிப்பு,
இருநூற்றுப் பத்துப் பக்கம்,
மூன்று செட் என்றார் கிளம்பும் அவசரத்தில்.
நான் நான்கை அழுத்தினேன்.

எட்டு மணிக்குக் குணாளன் வந்தான்.
எடைமேடையில் நாள் முழுக்க இடக்கையால்
லோரிச் சீட்டு எழுதிவிட்டு,
சட்டையில் செம்பனை வாடையோடு.
பாதி இறங்கிய ஷட்டருக்கடியில் தலையை நீட்டி
"இன்னுமா கணக்கு முடியல?" என்றான்.

கம்பி போடாத தாள்களின்மேல்
முழங்கையை ஊன்றிக்கொண்டு
முடியல என்றேன்.