முப்பது குழிகள்

முட்டை அட்டையில் முப்பது குழி.
குழிக்கு ஒரு காகித உருண்டை.
ஏழெட்டில் மட்டும் அடியில்
சுண்டுவிரல் நகமளவு உலர்ந்த மாட்டிறைச்சி.
எதெதில் என்று எனக்கே நினைவிருக்காது.
நாலரை மணிக்கு எழுந்து செய்கிறவளுக்கு
அவ்வளவுதான் ஞாபகம்.

உலான்பாத்தரில் அக்டோபரிலேயே
ஜன்னல் இடுக்குகளில் காகிதம் ஒட்டிவிடுவோம்.
வெளியே நிலக்கரிப் புகை.
ஒன்பதாம் மாடியிலிருந்து பார்த்தால்
எதிர்க் கட்டடம் இருக்கும்,
சில நாள் இருக்காது.
எனெபிஷ் வேடிக்கை பார்க்க
ஒரு புறாகூட இல்லை.

எனெபிஷ் என்றால் 'இது இல்லை'.
கெட்டது தேடி வந்தால்
ஆள் மாறிவிட்டதென்று திரும்பிப் போகட்டும் என
பிள்ளைகளுக்கு வைக்கிற பெயர்.
பூனைக்கு வைத்ததில்
அண்ணன் லுவ்சானுக்குக் கோபம்.
நாய் எஜமானின் ஆயுளுக்கு வேண்டுமாம்,
பூனை எஜமானின் சாவுக்கு.
சொல்லிவிட்டு, கோட்டைக் கழற்றாமலே
தேநீர் குடிப்பார்.

நான் டிராலி பஸ் ஓட்டுகிறேன், பன்னிரண்டு மணி நேரம்.
அதுவரை அதற்கும் ஏதாவது வேலை வேண்டாமா?
காலுறைக்குள் கம்பளி திணித்துக்
கதவுப் பிடியில் தொங்கவிட்டேன்: இரண்டே நாள்.
பூட்ஸ் பெட்டியில் ஓட்டை போட்டேன்;
ஓட்டையை விட்டுவிட்டு மூடிமேல் தூங்கியது.
ஆட்டுக் கணுக்கால் எலும்புகளை
நடைவழியில் உருட்டினால்தான் உயிர் வரும்.
குதிரை, ஒட்டகம், செம்மறி, வெள்ளாடு,
எந்தப் பக்கம் விழுந்தாலும்
அதற்கு எலி.

டிசம்பரில் ஓர் இரவு வந்து பார்த்தால்
காலியாயிருக்க வேண்டிய அட்டை நிரம்பியிருக்கிறது.
நான் வைப்பது செய்தித்தாள்.
இது வெள்ளைத் தாள், இறுக்கிச் சுருட்டியது.
இறைச்சியும் தாராளம்.
ரேடியேட்டர் ஒழுகுகிறதென்று
ஒருவரிடம்தான் சாவி கொடுத்திருந்தேன்.
கேட்டேன்.
"உன் பூனையைக் கேள், தோல்கோர்."

நேற்று அது ஓர் உருண்டையைக் கவ்வி வந்து
கடித்துப் பிரித்து
என் செருப்பருகே போட்டது.
பல் தடங்களுக்கு நடுவே மருத்துவமனை முத்திரை.
அண்ணன் பெயர். நுரையீரல், இடது.
அடுத்த சொல்லில் எச்சில் பட்டு மை கலைந்திருந்தது.
தேதி தெளிவு: அக்டோபர் ஏழு.
ஏணிமேல் நின்று
எனக்கு ஜன்னல் ஒட்டித் தந்த வாரம்.

மிச்சம் இருபத்தொன்பதையும் பிரித்தேன்.
மளிகை ரசீது. இது இல்லை.
மின்கட்டணம். இது இல்லை.
வாங்காத மாத்திரைச் சீட்டு.
எனெபிஷ், எனெபிஷ் என்று
வாய்விட்டே சொல்லியிருக்கிறேன் போல.
தன்னைத்தான் கூப்பிடுகிறேன் என்று
மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

விடியுமுன் எல்லாவற்றையும்
திரும்பச் சுருட்டி வைத்தேன், இரண்டைத் தவிர.
அவை என் சீருடைப் பையில்.
கடைசி நிறுத்தத்திலிருந்து போன் செய்தேன்:
சாயங்காலம் வாருங்கள்,
நீங்கள் நிரப்பினால்தான் அது ஆடுகிறது.

கொஞ்ச நேரம் இருமல்.
பிறகு,
"ஈரல் தின்னுமா அது?"