சும்மா இருக்கத் தெரிந்தது

பாட்டு எதுவும் வேண்டாம் என்றேன்.
விசையைத் தட்டுங்கள், போதும்.

லோரோங் கூலிட் சந்தை, ஞாயிறு காலை.
பக்கத்துக் காப்பிக் கடையிலிருந்து இழுத்த வயரில்
அங்கிள் சியா ஆம்ப்ளிஃபயரைச் சொருகிவிட்டு
என்னை மேலும் கீழும் பார்த்தார்.
இசைத்தட்டோடு வருகிறவர்களைத்தான் அவருக்குத் தெரியும்.
நான் ஸ்பீக்கர் கூம்பின்மேல் காதை வைத்துக்
கண்ணை மூடினேன்.
கோயிலில்கூட இவ்வளவு நேரம் மூடியதில்லை.

"கோசோங்" என்றேன்.
"ரோசாக்கா?" பயந்துபோனார்.
இல்லை, ஒன்றுமே கேட்கவில்லை, அதுதான் நல்லது என்று
இருநூற்று எண்பது வெள்ளி எண்ணிக் கொடுத்தேன்.

ஜெலுத்தோங்கில், என் பதினான்காம் மாடியில்,
அதே பெட்டி
ம் என்றது.

இதற்குச் சரியான சொல் தேடிப் பார்த்தேன்.
ரீங்காரம் என்றால் வண்டு வரும், பின்னாலேயே பூவும்.
இரைச்சலைக் கடலும் சந்தையும் எடுத்துக்கொண்டன.
முனகல் என்றால் யாருக்கோ காய்ச்சல்.
இது வாயைத் திறக்காத ஒரே எழுத்து.
ஒன்பது வருஷம் ஒருவருக்கு
நான் பதிலாகச் சொல்லிக்கொண்டிருந்த
அதே ம்.

நான் பஸ் ஓட்டுகிறேன்.
கொம்தார், பாயான் லெப்பாஸ், மறுபடி கொம்தார்.
ஓடும்போது எஞ்சின் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது.
சிவப்பு விளக்கில் நின்றால்தான் உதறும்:
இருக்கை, முதுகு, கடைவாய்ப் பல், காசுப் பெட்டி
எல்லாம் ஒரே சுருதி.
எதையும் அது வேலை செய்கையில் எடை போடாதே,
சும்மா நிற்கையில் பார்
என்பது டிப்போவில் யாரும் சொல்லித் தராத பாடம்.

சியாவிடம் திருப்பிக் கொடுத்தேன், ஐம்பது நஷ்டம்.
ஆயர் ஈத்தாமில் பத்மலோசனி டீச்சர் விற்ற வால்வு செட்
அடுப்பாகக் கொதித்தபடி, ம்.
பட்டர்வொர்த்திலிருந்து ஃபெர்ரியில்
பதினொரு கிலோவை மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன்.
கால் மரத்தது. ம்.
ஃப்ரிட்ஜை நிறுத்திப் பார்த்தேன், மீன் கெட்டது.
விசிறியை நிறுத்தினேன், கொசு.
ரௌட்டர், சார்ஜர்,
சாமி படத்துக் குட்டி பல்பு, அதையும்.
ம்.

ஆம்ப்ளிஃபயர் ம் என்கிறது என்று
எந்த எலெக்ட்ரீஷியனிடம் சொல்வது?
வாட்டர் ஹீட்டர் என்று பொய் சொல்லி ரோஸ்லியைக் கூப்பிட்டேன்.
சுவர்ப் பெட்டியைக் கழற்றியவர் நாக்கைத் தட்டினார்.
மூன்று துளையில் மேலே இருக்கும் பெரியது,
அதன் பச்சை மஞ்சள் வயர்
ஒரு சாண் போய், எதிலும் சேராமல்,
டேப் சுற்றிச் சிமெண்டுக்குள் படுத்திருந்தது.

"காக், இந்த வீட்டில் பூமி இல்லை" என்றார்.
மலாயிலும் அது பூமிதான்.
மொழிபெயர்க்க எனக்கு ஒரு வேலையும் இருக்கவில்லை.
இருபத்திரண்டு வருஷத் தவணையில்
பத்தொன்பது கட்டியாயிற்று.
பூமி இல்லையாம்.

இத்தனை நாள் அந்த ஹீட்டரில் குளித்து
நான் உயிரோடு இருப்பதே ஆச்சரியம் என்றார்.
என் பொய் மெய்யாகிப்போனது.
மாலை வரை சுவரைத் தட்டி
எங்கிருந்தோ கொஞ்சம் பூமியைக்
கம்பி வழியே மேலே கொண்டுவந்தார்.
நூற்று எண்பது வெள்ளி. தேநீருக்கு நன்றி சொன்னார்.

அடுத்த ஞாயிறு சியாவிடம் போனேன்.
அதே வெள்ளி முகம், அதே இடது மூலைக் கீறல்.
முன்னூற்று இருபது என்றார்.
போன மாதம் இருநூற்று எண்பதுதானே?
"நல்லது, ரொம்ப நல்லது என்று நீதானே சொன்னாய்."
கொடுத்தேன். அவர்மேல் நான் போட்ட பழிக்கு
நாற்பது அதிகமில்லை.

இரவு பதினொன்று.
விசையைத் தட்டினேன்.
முகப்பில் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.
பழக்க தோஷம், வலது கால்
தரையில் பிரேக்கைத் தேடி அழுத்தி
உதறலுக்காகக் காத்திருந்தது.

வரவில்லை.
காலை எடுக்கவும் தோன்றவில்லை.