உள்பக்கம்

நானூற்றைம்பது வெள்ளி என்றாள் ரோஸ்லினா.
பொத்தானை அழுத்துவதற்கா என்று கேட்டுவிட்டேன்.

கேட்ட வாய்க்குள்ளேயே அது கசந்தது.
அன்று காலைதான்
ஈசூனிலிருந்து வந்த ஒருத்தி
ரவிக்கையைப் பிடித்து உதறி
"ரெண்டு தையல்தானே அக்கா,
இதுக்குப் போய் முப்பத்தஞ்சா" என்று
என் மேசையிலேயே எறிந்துவிட்டுப் போயிருந்தாள்.
அவளுடைய குரல்
என் தொண்டைக்குள் எப்போது வந்து உட்கார்ந்தது?

தேக்கா மார்க்கெட், இரண்டாவது மாடி.
சேலைக் கடைகளுக்கு நடுவில் நாலடி அகலம்.
கீழே ஆட்டிறைச்சி வெட்டும் சத்தம்
படியேறி வந்து என் மிஷினோடு சேர்ந்துகொள்ளும்.
ரவிக்கை, பாவாடை ஓரம், சுடிதார் பிடித்தல்,
மீன்கடை ஆ செங்கின் கால்சட்டைக்கு ஜிப்.
இணையத்தில் என் கடைக்கு இருந்த ஒரே படம்
நாத்தனார் மகன் எடுத்தது:
டியூப்லைட் வெளிச்சத்தில்
அரக்குப் பட்டு, ஆட்டு ஈரல் நிறத்தில்.
ஓரத்தில் பாதி தெரியும் என் சாப்பாட்டு டப்பா.
அதைப் பார்த்து யார் வருவார்?
கழிவறை எந்தப் பக்கம் என்று கேட்க வந்தவர்களே அதிகம்.

எதிர்க்கடை பத்மலோசனிதான் இவளைச் சொன்னாள்.
அவள் வளையல்கள் இப்போது திரையிலேயே கிணுகிணுக்கின்றன.

ரோஸ்லினா விலையைக் குறைக்கவில்லை,
கோபப்படவும் இல்லை.
"முதல்ல உங்க வேலையைப் பார்க்கிறேன்" என்று
பாதி மலாய், பாதி ஆங்கிலத்தில் சொல்லி
ஸ்டூலில் உட்கார்ந்தாள்.
நான் ஒரு கையைத் தைத்து முடிக்கும்வரை
கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை வந்தாள்.
வந்ததும் டியூப்லைட்டை அணைக்கச் சொன்னாள்.
பதினேழு வருஷத்தில்
கடை திறந்திருக்கும்போது அதை அணைத்ததில்லை.
பஃபலோ ரோடு பக்கத்து வெளிச்சம்
தயங்கித் தயங்கி உள்ளே வந்தது,
கடன் கேட்க வந்த சொந்தக்காரர் மாதிரி.
வெள்ளை அட்டை ஒன்றை என் கையில் கொடுத்து
"இன்னும் சாய்ச்சுப் பிடிங்க" என்றாள்.
பிடித்தேன்.
அரக்கு, அரக்காயிற்று.
மாம்பழ மஞ்சள், மாம்பழ மஞ்சளாயிற்று.

முதுகில் கண்ணாடி வேலை, ஜரிகைக் கை, குஞ்சம் என்று
நல்லதையெல்லாம் அடுக்கி வைத்திருந்தேன்.
எல்லாவற்றையும் எடுத்தாள்.
அப்புறம் அந்த மஞ்சளைத் தூக்கி
உள்பக்கம் வெளியே வரும்படி சட்டென்று திருப்பினாள்.

ஐயோ, அதை ஏன்?

மடித்துத் தைத்த ஓரங்கள், பிசிறு ஒன்றில்லாமல்.
பக்கவாட்டில் பிரித்துவிட ஒன்றரை அங்குலம்.
பிள்ளை பெறுவாள், உடம்பு வைக்கும், இளைப்பாள்,
எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் துணி விடுவேன்.
யாரிடமும் சொன்னதில்லை.
சொன்னால் கூலி கூடுமா என்ன?
கேமரா அதன்மேல் வெகுநேரம் நின்றது.
அவள் மூச்சை அடக்கியிருந்தாள்.
நானும்.

இருநூறு தடவையாவது அழுத்தியிருப்பாள்.
அனுப்பியது பன்னிரண்டு.
மீதி எங்கே என்றேன்.
"நீங்க வெட்டிப் போட்ட துணியெல்லாம்
ரவிக்கையோட சேர்த்தா குடுக்கறீங்க?"

பேநவ்வில் அனுப்பினேன், நானூற்றைம்பதும்.
விரல் கொஞ்சம் தயங்கியது உண்மை.
அது இரண்டு மாத மின்கட்டணம்,
ஜூக்கி மிஷின் ரிப்பேரும் சேர்த்து.

கூட்டம் அலைமோதியது என்றால் பொய்.
முதல் வாரம் ஈ கூட இல்லை.
இரண்டாவது வாரம் ஒருத்தி,
பொங்கோலிலிருந்து, ஆறு மாத வயிற்றோடு,
ஹேண்ட்போனை நீட்டினாள்.
கண்ணாடி வேலை இல்லை, குஞ்சம் இல்லை.
மஞ்சள் ரவிக்கையின் உள்பக்கம்.
"இந்த மாதிரி இடம் விட்டுத் தைப்பீங்களாக்கா?"

கூலி கேட்டாள்.
முப்பத்தைந்து என்று திறந்த வாய்
நாற்பத்தைந்து என்றது.
அவள் தலையாட்டிவிட்டுக் கையைத் தூக்கி நின்றாள்.

நாடாவை எடுத்தேன்.
மாரளவு எழுதும் முன்பே
நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்:
உள்ளே இரண்டு அங்குலம்.