கலப்படம்

கிடா மண்டையை உதறியது. அவ்வளவுதான்.
ஒரு கொம்பு, ஒரு கன்னம்.

மறுநாள் விடிந்ததும்
மேசையில் இரண்டு குவளைகள்.
மேலே தெரிந்ததைப் பிடிக்கப்போய்க்
காற்றைப் பிடித்தேன்.
எமிர் சிரித்தான். என் கண்ணைப் பார்த்ததும்
நிறுத்திக்கொண்டான்.

கொமொதோரோவுக்கு ஐந்து மணிநேரம்.
பதகோனியக் காற்று ஊரூராய்ப் பொறுக்கிவந்து
வேலிக் கம்பியில் மாட்டிய பைகள்,
ஒவ்வொரு பைக்கும் மேலே இன்னொரு பை.
முள்ளும் இரட்டை, காற்று மட்டும் ஒன்று.

டாக்டர் இபார்குரன் பேனாவால் வரைந்து காட்டினாள்:
கண்ணுக்கு அடியில் ஒரு தளம்,
முட்டையோட்டுக் கனம்.
அது இடிந்துவிட்டது.
வண்டிக் கதவில் சிக்கிய கோட்டு நுனி மாதிரி
விரிசலில் ஒரு தசை.
இழுத்துவிட்டு, மேலே இதை வைப்பேன்.

இது என்றால்
வெள்ளையாய், வளையும்படி ஒரு தகடு,
தபால்தலையைவிடக் கொஞ்சம் பெரிது.
பாலிதீன்தான், என்றாள்.
பொடித்துளைகள் உண்டு.
உங்கள் சதை உள்ளே போய் வேர்விடும்.

பதினேழு வருடமாய் என் வேலை என்ன தெரியுமா அம்மா?
கத்தரித்த மயிர் மேசைக்கு வரும்.
விரித்து, உதறி,
கட்டுக் கயிற்றிலிருந்து பிரிந்த
நீலப் பிளாஸ்டிக் இழையைத் தேடுவேன்.
ஒன்று போதும்.
சாயம் அதில் ஏறாது.
தறி தாண்டி, தையல் தாண்டி,
எங்கோ ஒரு கனவானின் தோள்பட்டையில்
பல்லிளிக்கும்.
பொதி முழுக்கத் திரும்பி வரும்.
இருட்டிலும் என் விரல் அதை மோந்துவிடும்.

சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

இமையின் உட்புறமாய்ப் போனார்களாம், தழும்பில்லை.
ஓரம் வெட்டியதில் விழுந்த துண்டைக் கேட்டேன்.
எதற்கு? என்றாள் நர்ஸ்.
விரலுக்குக் காட்ட, என்றேன்.
மருந்து மயக்கம் என்று எழுதிக்கொண்டாள்.

வீக்கம் வடிந்தது.
ஒரு நிலா. ஒரு வேலி.
ஒரே ஒரு எமிர்; அவனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம்.
கன்னம் இன்னும் மரத்திருக்கிறது,
மேல்வரிசையில் இரண்டு பற்கள்
யாருடையவோ.
குனிந்து பார்த்தால் மட்டும் ஓரத்தில்
உலகம் லேசாய் விலகி
மறுபடி ஒட்டிக்கொள்கிறது.

என் வேலையோ குனிந்து பார்ப்பது.

நேற்று ஓர் இழை கிடைத்தது.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன்.
இரண்டாய்த் தெரிந்து, ஒன்றாகி,
தொட்டியில் விழுந்தது.
உறவுக்காரன் என்று விட்டுவிட முடியுமா?

அப்புறம் அந்தக் கிடாவின் மயிர் வந்தது.
நீள இழை, வெண்ணெய் நிறம்,
ஒரு முள் இல்லை, கறை இல்லை.
மூன்று தடவை விரித்துப் பார்த்தேன்,
ஏதாவது அகப்படட்டும் என்றுதான்.

முதல் தரம்.
எழுதியது நான்தான்.